மூன்றாம் புட்டி

அந்தக் கல்லூரியின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் அவள் உதவியாளராகச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. மாணவர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் துல்லியம். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆனால் அவளுக்குத் தெரியும், தெரிந்து உள்ளுக்குள் சந்தோஷம்தான். பத்து மில்லி என்றால் பத்து. பத்தரையும் கிடையாது, ஒன்பதே முக்காலும் கிடையாது. வீட்டிலும் அப்படியே. சர்க்கரை டப்பாவுக்கு ஒரு அளவுக்கரண்டி, உப்புக்கு ஒன்று, இரண்டின் பிடியிலும் பேர் எழுதி ஒட்டியிருப்பாள்.

இப்பேர்ப்பட்டவளுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். கரைசலை அளந்து எடுக்கும் கண்ணாடிக் குழாய் இருக்கிறதே, பிப்பெட், அதை வாயில் வைத்துத்தான் உறிஞ்சுவாள். உறிஞ்சுவதற்கென்று ரப்பர் பந்து கொடுத்து ஆறு வருஷமாகிவிட்டது. மேஜை டிராயரில் உறை பிரிக்காமல் கிடக்கிறது. "எந்த ஆய்வகத்திலும் எதையும் வாயால் உறிஞ்சக் கூடாது" என்று சுற்றறிக்கை வந்தபோது, அதை அட்டையில் அழகாக எழுதி, கழுவுதொட்டிக்கு மேலே மாட்டியது யார் என்கிறீர்கள்? சாட்சாத் அவளேதான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எழுதி மாட்டிவிட்டு அதற்குக் கீழேயே நின்று உறிஞ்சிக்கொண்டிருந்தாள். சட்டம் கற்றுக்குட்டிகளுக்கு என்பது அவள் எண்ணம்.

கதை தொடங்குவது செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் மாலை நாலு மணிக்கு. உணவியல் உதவியாளர் சான்றிதழுக்கான தேர்வு. இருபத்து நாலு பேர் எழுதுகிறார்கள். தேர்வு என்னவென்றால், ஆளுக்கு நாலு குழாயில் நாலு கரைசல் கொடுப்பார்கள். எதில் என்ன இருக்கிறது என்று சோதித்து எழுத வேண்டும். முதல் புட்டியில் முட்டை வெள்ளைக்கரு, அதாவது புரதம். இரண்டாவதில் எண்ணெய், கொழுப்பு. மூன்றாவதில் மாவு. நாலாவதில் சர்க்கரை. இருபத்திரண்டு வருஷமாக இதே வரிசை. மாற்றி வைக்க அவள் விடமாட்டாள். "உயிருள்ள எதைப் பிரிச்சுப் போட்டாலும் இந்தச் சாமான்தான்" என்று புதுசாக வரும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் சொல்வாள். "மாவுங்கிறது சர்க்கரையைக் கோத்த சங்கிலி. புரதம் வேற மணி கோத்த சங்கிலி. பரம்பரையைச் சுமக்கிறதும் சங்கிலிதான், அதை வாழைப்பழத்துலேர்ந்து நூல் மாதிரி எடுத்துக் காட்டுறேன். கொழுப்பு மட்டும் சங்கிலி இல்லை, அது தனி ரகம், யாரோடயும் சேராது."

மாவை வென்னீரில் காய்ச்சி ஆற வைத்து, அதைப் பத்துப் பத்து மில்லியாக உறிஞ்சி, பெரிய புட்டியிலிருந்த நீரில் விட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் கடைசிச் சொட்டுக்கு ஒரு சின்ன ஊது. பதினேழாவது தடவை குழாய் வாயில் இருக்கும்போது போன் அடித்தது. புருஷன். அவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. கடந்த ஆறு மாதமாக வீட்டிலும் அதே மாதிரி வேலைதான், முன்னறைச் செய்தியை அடுக்களைக்கு ஏற்றுவது, அடுக்களைச் செய்தியை முன்னறைக்கு இறக்குவது. ஏனென்றால் அவர் பெண்டாட்டியும் அவர் தங்கச்சியும் பேசிக்கொள்வதில்லை.

நாத்தனாருக்கு வயது நாற்பத்தொன்று. ஆஸ்பத்திரி அடுக்களையில் பாத்திரம் தேய்க்கிறாள், பதினாலு வருஷமாக. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சோப்புத் தண்ணீர் பட்டால் எரியும். இந்தச் சான்றிதழ் கிடைத்தால் அதே ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் உணவைக் கணக்கிட்டுக் கொடுக்கும் வேலைக்குப் போகலாம். தேர்வுக்கு மூன்றே மூன்று வாய்ப்பு. இரண்டில் தோற்றுவிட்டாள். இது கடைசி. படிக்க இடம் வேண்டும் என்று அண்ணன் வீட்டுக்கு வந்தவள், இரண்டாம் தடவை தோற்ற அன்று சாப்பாட்டு மேஜையில் முகத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது துல்லியம் சொன்னாள்: "என்ன தெரியணுமோ அதை எழுதினா இப்படித்தான் ஆகும். என்ன தெரியுதோ அதை எழுதணும். பார்த்ததை எழுது. அதுக்குக் கண்ணு வேணும்." கடைசி வாக்கியம் வேண்டாத வாக்கியம். நாத்தனார் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அன்றோடு பேச்சு நின்றது.

"என்ன?" என்றாள் துல்லியம் போனில், குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டே.

"தங்கச்சி கேக்குறா, நாளைக்கு எத்தனை மணிக்கு வந்து நிக்கணும்னு."

"அறிவிப்புப் பலகையில ஒட்டியிருக்கே! உங்க தங்கச்சிக்குக் கண்ணு இருக்குல்ல? படிக்கச் சொல்லுங்க!"

குழாயை வாயில் வைத்துக்கொண்டு இத்தனை கோபமாகப் பேசினால் என்ன ஆகும்? உள்ளே கரைசல் மேலும் கீழும் ஏறி இறங்கியது. கடகடவென்று நாலைந்து குமிழி வந்தது. போனை வைத்துவிட்டு, குழாயில் இருந்ததைப் புட்டியில் விட்டு, ஊதி, மிச்சம் எட்டு தடவையையும் முடித்தாள். புட்டியை மூடி அலமாரியில் வைத்தாள். அந்த அலமாரிக்குப் பின்னால் சுவரில் வென்னீர்க் குழாய் ஓடுகிறது. எப்போதும் கதகதப்பு.

மறுநாள் காலை எட்டரைக்குச் சோதனைத் தாள். நாலு புட்டியையும் தேர்வுக்கு முன் சோதித்துப் பார்த்து, வந்த நிறத்தை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். ஊதா, சிவப்பு, கருநீலம், செங்கல் சிவப்பு என்று கடகடவென எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பத்து மணிக்குத் தேர்வு.

தேர்வாளர் வெளியிலிருந்து வந்த அம்மா. அறுபதை நெருங்கும் வயது, தோளில் ஒரு கனத்த பை, முகத்தில் எந்தச் சேதியும் கிடையாது. துறைத்தலைவர் நாற்காலி இழுத்துப் போட்டார், மின்விசிறியைத் திருப்பினார், இங்கே எல்லாம் ஒழுங்கு என்று மூன்று தடவை சொன்னார். அந்த அம்மா "ம்" என்றதோடு சரி. துல்லியம், பரீட்சை எழுதுபவர்களில் தன் நாத்தனார் ஒருத்தி என்று முன்னமே எழுதிக் கொடுத்திருந்தாள். அதனால் அந்த மேஜைப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு. போகவில்லை. ஆனால் தலையைத் திருப்பக் கூடாது என்று உத்தரவு இல்லையே.

நாத்தனார் மூன்றாம் குழாயில் அயோடின் விட்டாள். மாவு இருந்தால் கருநீலமாகக் குப்பென்று மாற வேண்டும். அவள் குழாயைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். இறக்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மிச்சக் கரைசலில் கொஞ்சம் வேறொரு குழாயில் எடுத்து மறுபடி விட்டாள். மறுபடி ஜன்னல். மிச்சத்தில் சர்க்கரைச் சோதனை செய்து சூடாக்கினாள். பிறகு பக்கத்து மேஜைகளில் எல்லோரும் விறுவிறுவென்று எழுதுவதைப் பார்த்தாள். பேனாவின் பின்பக்கத்தைக் கடித்தாள். அப்புறம் எழுதினாள்.

'சொதப்பிட்டா' என்று நினைத்தாள் துல்லியம். 'ஐயோ, இந்தத் தடவையும் சொதப்பிட்டாளே.' கோபம்தான் வந்தது.

பன்னிரண்டரைக்குத் தேர்வு முடிந்தது. சாப்பாடு முடித்து வந்து தேர்வாளர் மதிப்பெண் போட்டு, உறையில் வைத்து அரக்கு முத்திரை இடுவார். முத்திரை விழுந்தால் விழுந்ததுதான். துல்லியம் குழாய்களைக் கழுவுதொட்டிக்குக் கொண்டுவந்தாள். அங்கேதான் பார்த்தாள். மூன்றாம் குழாய்கள் இருபத்து நாலும் வரிசையாகத் தாங்கியில் நின்றன. ஒன்றில்கூடக் கருநீலம் இல்லை. எல்லாம் வெளிறிய தேத்தண்ணீர் நிறம்.

அயோடின் கெட்டுப் போயிருக்குமோ? தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த ரொட்டித் துண்டில் ஒரு சொட்டு விட்டாள். ரொட்டி கன்னங்கரேல் என்று ஆனது. அயோடின் சரி. அப்படியானால் புட்டிதான். புட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து அயோடின் விட்டாள். தேத்தண்ணீர். இன்னும் கொஞ்சம் எடுத்துச் சர்க்கரைச் சோதனை செய்து சூடாக்கினாள். செங்கல் சிவப்பு. புட்டியில் மாவு இல்லை. நேற்று நாலு மணிக்கு இருந்த மாவு ராத்திரியோடு ராத்திரியாகச் சர்க்கரையாகிவிட்டிருக்கிறது.

இப்படி ஆக்கக்கூடிய சாமான் உலகத்தில் என்னென்ன என்று அவளுக்குத் தெரியாதா? அதற்கென்று ஒரு தனிச் செய்முறையே இருக்கிறது, வருஷா வருஷம் அவள்தான் ஏற்பாடு செய்கிறாள். எச்சில். எச்சிலில் ஒரு நொதி இருக்கிறது, அதுவும் ஒரு புரதம்தான். மாவுச் சங்கிலியை அது நறுக் நறுக்கென்று வெட்டிப் போட்டுக்கொண்டே போகும். எத்தனை வெட்டினாலும் தான் மட்டும் தேயாது. "நாத்தனார் மாதிரின்னு வெச்சுக்கங்க" என்று வகுப்பில் ஒரு தடவை சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறாள்.

குமிழி நினைவுக்கு வந்தது. முகத்தில் ஈயாடவில்லை. கழுவுதொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே அட்டை. வாயால் உறிஞ்சக் கூடாது. முத்து முத்தான கையெழுத்து.

ஈரக் கையோடு தேர்வாளர் மேஜைக்குப் போய், அங்கே கட்டி வைத்திருந்த விடைத்தாள்களைக் கட்டு பிரிக்காமல் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். தொடக்கூடாதுதான். முதல் தாள்: கருநீலம் தோன்றியது, மாவுப்பொருள் உள்ளது. இரண்டாவது: கருநீலம். ஐந்தாவது: அடர் கருநீலம். அடராம்! இருபத்து மூன்று பேரும் தேத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கருநீலம் என்று எழுதியிருந்தார்கள். மூன்றாம் புட்டி என்றால் மாவு என்று ஊருக்கே தெரியுமே. நாத்தனாரின் தாள் பதினொன்றாவதாக இருந்தது. கோணல் எழுத்து.

"நிறம் மாறவில்லை. மாவு இல்லை. சர்க்கரை இருக்கிறது. இரண்டு தடவை செய்து பார்த்தேன்."

துல்லியம் அதை நின்றபடி நாலு தடவை படித்தாள். பாவி, சொன்னதைக் கேட்டிருக்கிறாள். ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டு, கடைசி வாய்ப்பில், இருபத்து மூன்று பேர் ஒன்று எழுதும்போது, அண்ணி சொன்னதைக் கேட்டு வேறு ஒன்று எழுதியிருக்கிறாள். அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

துறைத்தலைவர் பல்குச்சியோடு உள்ளே வந்தார். அவரிடம் சொன்னாள். அவர் கதவைச் சாத்தினார்.

"அம்மா, நல்லா யோசிச்சுப் பாருங்க. கண்காணிப்பாளர் போஸ்டுக்கு இந்த மாசம்தான் உங்க பேரை அனுப்பியிருக்கேன். நீங்க போய் 'நான் புட்டியில எச்சில் துப்பிட்டேன்'னு சொல்லப் போறீங்களா?"

"துப்பல சார். போயிடுச்சு."

"அதேதான். இருபத்து மூணு பேர் சரியா எழுதியிருக்காங்க. ஒருத்தர் தப்பு. அதுவும் உங்க வீட்டு ஆளு. நீங்க வாயைத் திறந்தா, சொந்தக்காரியைப் பாஸ் போட வைக்கத்தான் கதை கட்டுறீங்கன்னு சொல்வாங்க. காதும் காதும் வெச்ச மாதிரி விட்டுடுங்க."

அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கண்காணிப்பாளர் என்றால் தனி அறை. தனி மேஜை. பேர்ப்பலகை. அந்தப் பலகையில் எழுத்து எந்த அளவில் இருக்க வேண்டும் என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தாள். ஒரு பக்கம் அது. இன்னொரு பக்கம் சோப்புத் தண்ணீரில் வெடித்த பத்து விரல். இரண்டையும் மனசில் எடை போட்டுப் பார்த்தாள், அவளுடைய தராசு ஒரு மில்லிகிராம்கூடப் பிசகாது, அதுதான் பெரிய தொல்லை.

தேர்வாளர் கை துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, கட்டைப் பிரித்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

"மேடம்," என்றாள் துல்லியம். "மூணாம் புட்டியில மாவு இல்லை. என் எச்சில் கலந்து மாவு கரைஞ்சு போச்சு. நேத்து வாயால உறிஞ்சினேன்."

தேர்வாளர் அவளைப் பார்த்தார். அட்டை மாட்டியிருந்த பக்கம் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"மேடம், அதுல இன்னொரு விஷயம்," என்று துறைத்தலைவர் குறுக்கே வந்தார். "மாவு இல்லைன்னு எழுதின அந்த ஒரே ஒரு பொண்ணு இவங்க நாத்தனார்."

"எச்சிலுக்குச் சொந்தபந்தம் தெரியுமா சார்?" என்றார் தேர்வாளர். பிறகு துல்லியத்திடம், "சொன்னாப் போதாது. செஞ்சு காட்டுங்க."

மாவு காய்ச்சினாள். ஆற வைத்து, நீர் கலந்து, இரண்டு குழாயில் சம அளவு எடுத்தாள். இந்தத் தடவை டிராயரைத் திறந்து, உறையைப் பிரித்து, ரப்பர் பந்தை மாட்டித்தான் எடுத்தாள். இடது குழாய் சும்மா இருக்கட்டும். வலது குழாயில் எச்சில் சேர வேண்டும். குனிந்து வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. நேற்று கேட்காமல் வந்த எச்சில் இன்று நாக்கைச் சுழற்றிக் கூப்பிட்டும் வரவில்லை. பயத்தில் வாய் வறண்டு கிடந்தது. ஒரு நிமிஷம் போயிற்று. துறைத்தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எலுமிச்சம்பழத்தை ரெண்டாப் பிளந்து நாக்குல வெச்ச மாதிரி நினைச்சுக்குங்க," என்றார் தேர்வாளர், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

நினைத்துக்கொண்டாள். வந்தது. துறைத்தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். துல்லியம் குழாயைக் குலுக்கி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே பொத்திக்கொண்டாள். கைச்சூடு போதும். பத்து நிமிஷம் மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

அயோடின் விட்டாள். இடது குழாய் குப்பென்று கருநீலம். வலது குழாய் தேத்தண்ணீர்.

தேர்வாளர் இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் பதினொன்றாவது தாளை உருவி, மூன்றாம் கேள்விக்கு முழு மதிப்பெண் போட்டார். மற்ற இருபத்து மூன்றுக்கும் வரிசையாக முட்டை போட்டார், ஒவ்வொரு முட்டையையும் நிதானமாக, வட்டம் கோணாமல்.

"மேடம், இருபத்து மூணு பிள்ளைங்க..." என்றார் துறைத்தலைவர், அழாக்குறையாக.

"யாரும் ஃபெயில் ஆக மாட்டாங்க சார். மத்த கேள்வி இருக்கு. வராத நிறத்தைப் பார்த்ததுக்கு மட்டும்தான் நான் மார்க் போடல." பிறகு சோதனைத் தாளை எடுத்தார். "காலையில எட்டரைக்கு மூணாம் புட்டி கருநீலம்னு கையெழுத்து இருக்கே. ராத்திரியே கரைஞ்ச மாவு காலையில எப்படிம்மா கருநீலம் காட்டிச்சு?"

துல்லியம் தாளை வாங்கித் தன் கையெழுத்தைப் பார்த்தாள்.

"இங்க சொல்ல வேண்டாம். மூணு நாள்ல கல்லூரி முதல்வருக்கு எழுத்துல விளக்கம் கொடுங்க," என்று சொல்லி அந்த அம்மா அரக்கை உருக்க ஆரம்பித்தார்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வருவதற்குள் சேதி வந்துவிட்டது. வெளியே காத்திருந்த மாணவர்கள் வாய் சும்மா இருக்குமா? புருஷன் கதவைத் திறந்து, பெண்டாட்டி முகத்தைப் பார்த்து, தங்கச்சி இருந்த அறையைப் பார்த்து, எதை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் நடுவில் நின்றார். துல்லியம் அவரைத் தாண்டிப் போய் சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்து உட்கார்ந்தாள்.

'மதிப்பிற்குரிய ஐயா' வரைக்கும் சுலபமாக வந்தது. 'கவனக்குறைவால் ஒரு துளி' என்று எழுதினாள். அடுத்த வரியில் பேனா நின்றது. எதிர் நாற்காலியை யாரோ இழுத்து உட்கார்ந்தார்கள். நிமிராமலே அது யார் என்று தெரிந்தது. மேஜை மேல் வந்து அமர்ந்த விரல்களைப் பார்த்தாள்.

"ஒரு துளிதானா அண்ணி?"

ஆறு மாதத்துக்குப் பிறகு கேட்கிற அண்ணி. துல்லியம் நிமிர்ந்தாள். "நாலஞ்சு குமிழி வந்துச்சு," என்றாள்.

"அப்ப அதை எழுதுங்க."

'ஒரு துளி' என்பதை அடித்து, எழுதினாள்.

"காலையில சோதிச்சுப் பார்த்தீங்கன்னு தாள்ல இருக்காமே. அதுக்கு என்ன எழுதப் போறீங்க?"

"வெளிச்சம் போதலைன்னு எழுதலாம். அவசரத்துல நிறம் சரியாத் தெரியலைன்னு..." துல்லியம் பேனாவைக் கீழே வைத்தாள். "நான் பார்க்கவே இல்லடி. இருபத்திரண்டு வருஷமா கருநீலம்தானேன்னு, புட்டியைத் தொடாம எழுதிட்டேன். அந்த இருபத்து மூணு பேராவது குழாயைக் கையில எடுத்தாங்க. உன்னைப் போய் கண்ணு இருக்கான்னு கேட்டேன். தப்பு என் மேலதான்."

நாத்தனார் பேனாவை எடுத்து அண்ணியின் கையில் கொடுத்தாள். கொடுத்த கை உடனே விலகவில்லை.

"அப்ப அதையும் எழுதுங்க அண்ணி," என்றாள்.

'மூன்றாம் புட்டியை நான் சோதிக்கவே இல்லை' என்று துல்லியம் எழுதினாள். புருஷன் இன்னும் வாசலுக்கும் மேஜைக்கும் நடுவில்தான் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் கொடுத்தனுப்ப யாருக்கும் ஒரு செய்தியும் இல்லை.